கொம்பியூட்டர் அறையின் சாவி யாரிடம்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் பிரிவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டத்துக்குக் கொம்பியூட்டர் நிலையம் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். கொடுப்போம். ஆனால் எத்தனை மெஷின் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. அது எந்த இடத்தில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பதே முதல் கேள்வி.

நான் முன்பு படிப்பித்த தோட்டத்தில் ஒரு நிலையம் இருந்தது, ஆபீசுக்குப் பின் அறையில். திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைத்தவள் நான்தான். காலை எட்டுக்குத் திறந்து மாலை நாலுக்குப் பூட்டினார்கள். அந்த நேரம் கொழுந்து எடுப்பவள் மலையில் நிற்கிறாள். ஈ.பி.எப். காசு ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்க்க ஆசைப்பட்டவளும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தா அதைத் தேடுவாள்? ஒரு வருஷத்தில் அங்கே உர மூட்டை அடுக்கினார்கள்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. நம் மலையகத்திலேயே, கொத்மலை சமூக வானொலியில் தொண்ணூறுகளின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு இணையம் வந்தது. ஊரார் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நிகழ்ச்சியிலேயே இணையத்தில் தேடி, ஊர்ப் பாஷையில் விளக்குவார். கீபோர்ட்டைத் தொடாதவரும் வீட்டில் இருந்தபடி பதில் கேட்டார்.

புதுச்சேரிக் கிராமங்களில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களை அமைத்தது. பொது இடத்தில் இருக்க வேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தியவர்களில் பலர் அந்த ஊர்ப் பெண்கள். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அலை எவ்வளவு உயரும் என்று இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்ற ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி, கடல் பொங்குகிறது என்று எச்சரித்தார். அன்று ஞாயிறு. மையத்தின் கதவை உடைத்துக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட சனம் தப்பியது. வீடும் வள்ளமும் போயின.

எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்று நம் பொடியன்மார் கேட்கிறார்கள். உன் கையில் இருக்கிறது தம்பி, உன் அம்மா கையில் இருக்கிறதா? அவளுடைய ஈ.பி.எப். கணக்கை என்றைக்காவது பார்த்துச் சொன்னாயா?

ஆகவே மனுவில் இப்படி எழுதியிருக்கிறேன்: இடம், பிள்ளை மடுவத்தை அடுத்த வெறும் அறை. நேரம், மாலை ஐந்து முதல் எட்டு வரை, ஞாயிறு முழு நாள். சாவி இரண்டு, ஒன்று மாதர் சங்கத்துக்கு, மற்றது இளைஞர் கழகத்துக்கு. ஆபீசுக்குச் சாவி இல்லை. இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் தருவதாகத் துரை சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் என்ன செய்வது என்பதை இப்போதே பேசி முடிவெடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனு, தலைவர் மேசையில் இருக்கிறது.