சாவகத்துக் கடல் மறவன்



1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். 1513 ஜனவரியில், சாவகத்து ஜப்பாராவினின்று ஏறத்தாழ நூறு கலங்களுடன் சென்று அவர்களை எதிர்த்தான் பதி யூனுஸ்.

அவனது பெருங்கலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பலகைமேல் பலகை அடுக்கி, இடையிடையே கீலும் சுண்ணமும் பூசிய கலம் அது. பீரங்கிக் குண்டுகள் அதனைத் துளைக்கவில்லையெனப் பகைவரே எழுதிவைத்தனர். ஆயினும் படை முறிந்தது.

மலாக்காவின் தமிழ்ப் பெருவணிகர் நீனா சட்டு போர்த்துக்கீசியர் பக்கம் நின்று பதவியும் பெற்றார். அவரும் நம்மைப் போல் பிழைக்கச் சென்ற மரபினரே. அதனை இம்மேடையில் மறைக்க எனக்கு மனமில்லை.

யூனுஸ் தன் கலத்தை ஜப்பாராக் கரையேற்றி நினைவாக நிறுத்தினான். சாவகர் அவனை 'சப்ராங் லோர்', வடக்கே கடல் கடந்தவன், என்றழைத்தனர்.