தடுப்பானும் இதயமும்: எந்த உடலில், எந்த நிலையில்?

 

19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்த மண்ணில் நின்று, உயர் குருதியமுக்கத்தில் கனபினொயிட் வாங்கித் தடுப்பான்கள் இதயத்தை என்ன செய்கின்றன என்று தமிழிற் பேச நாம் தயங்க வேண்டியதில்லை.

கஞ்சாவின் வேதிப்பொருளான கனபினொயிட் உடலில் எங்கே பற்றுகிறது என்ற கேள்விக்கு 1990இல் சிபி-1 வாங்கி விடையானது. அதே வாங்கியில் பற்றும் ஆனந்தமைட்டை நம் உடலே சுரக்கிறது என்பது 1992இல் தெரிந்தது. மூளையில் மலிந்திருக்கும் சிபி-1, இதயத்திலும் குருதிக்கலன்களிலும் உண்டு.

2004இல் ஆய்வாளர் ஜோர்ஜ் குனோஸின் குழு 'சேர்குலேஷன்' இதழில் வெளியிட்ட ஆய்வை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே குருதியமுக்கம் ஏறும் எலிகளுக்கு, அந்த வாங்கியை அடைக்கும் சிபி-1 தடுப்பானைக் கொடுத்தார்கள். அமுக்கம் மேலும் ஏறியது. இடது இதயவறை இன்னும் வலுவாகச் சுருங்கியது. ஆனந்தமைட்டைச் சிதைக்கும் நொதியத்தை முடக்கியபோது நேர்மாறாக அமுக்கமும் சுருக்க வலுவும் வழமையான அளவுக்கு இறங்கின. அமுக்கம் சீராயிருந்த எலிகளில் இந்த இரண்டு மருந்துகளாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நோயுற்ற எலிகளின் இதயத்திலும் பெருநாடியின் அகவணியிலும் சிபி-1 கூடியிருந்ததையும் கண்டார்கள். அதாவது, அமுக்கம் ஏற ஏற, உடல் தானாகவே ஒரு பிறேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது. தடுப்பான் அந்தப் பிறேக்கை விடுவிக்கிறது.

மனிதரில் கதை வேறாகத் தெரிந்தது. உடற்பருமனுக்காக 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமொனபன்ட் என்ற சிபி-1 தடுப்பானை உட்கொண்டோரில் குருதியமுக்கம் ஏறவில்லை, சிறிது குறைந்தது. எடை குறைந்ததே அதற்குப் பெரிதும் காரணம். ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்டியதால் 2008 ஒக்டோபரில் அம்மருந்து இடைநிறுத்தப்பட்டு, பின்னர் மீளப்பெறப்பட்டது. மூளைக்குள் அதிகம் நுழையாத தடுப்பான்களை இப்போது தேடுகிறார்கள். மூளையைத் தப்பவைத்தாலும் இதயத்தின் கேள்வி அப்படியே நிற்கும். எடை குறையாத நோயாளியில், பிறஷர் கட்டுக்குள் வராதவரில், அந்த மருந்து என்ன செய்யும்?

எனவே இவ்வமர்வில் கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். 'தடுப்பான் நல்லது', 'தடுப்பான் கெட்டது' என்று முடிக்காதீர்கள். எந்த உடலில், எந்த நிலையில், எவ்வளவு காலம் கொடுத்துப் பார்த்த முடிவு என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வடமராட்சிக் கரையில் கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. "கஞ்சா பிறஷருக்கு நல்லதாம்" என்று கிளினிக்கில் கேட்போரும் இருக்கலாம். அவர்களுக்கு இந்த எலி ஆய்வு ஆதரவாகாது. கஞ்சாப் புகை இதயத் துடிப்பை விரைவாக்கும். எழுந்து நிற்கையில் அமுக்கத்தைச் சடுதியாக இறக்கித் தலைசுற்ற வைக்கும். ஆய்வுகூடத்து முடிவு ஊருக்குள் போகும்போது எப்படித் திரியும் என்பதையும் இவ்வரங்கு பேசவேண்டும்.

இந்த எதிர்பார்ப்போடு அமர்வைத் தொடக்கிவைக்கிறேன்.