பெயரில்லாத ஒரு மடல்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



படைத்துறையின் கமுக்க உளவுப் பிரிவுகளைப் பற்றிய கதைகள் இன்று கைப்பேசி வழியே ஆறாய்ப் பெருகி வருகின்றன. நோய் பரவினால் அவர்கள் செய்தது. வானூர்தி வீழ்ந்தால் அவர்கள் செய்தது. நிலம் நடுங்கினாலும் அவர்கள் செய்ததே! இவற்றைக் கேட்டு எள்ளி நகைப்போர் ஒரு சாரார். அப்படியே விழுங்குவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஆராயாதவரே என்பேன். அதற்கு ஒரே ஒரு புரளியின் வரலாற்றை இங்கு விரித்துரைக்க விழைகின்றேன். அது எங்கோ பிறந்ததன்று, தில்லியில் அச்சேறியது.

1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தில்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியட்' என்னும் ஆங்கில நாளிதழில் ஒரு மடல் வெளியாயிற்று. எழுதியவர் அமெரிக்க அறிவியலறிஞர் என்று போட்டிருந்தார்கள், பெயர் இல்லை. எய்ட்சு நோயை உண்டாக்கியது அமெரிக்கப் படைத்துறையே, மேரிலாந்து மாநிலத்து டெட்ரிக்குக் கோட்டையில் அது உருவாக்கப்பட்டது, அடுத்து அவ்வாய்வுகள் பாக்கித்தானுக்கு வரவிருக்கின்றன என்று அம்மடல் கூறியது. பாக்கித்தான் என்னும் சொல்லை ஏன் சேர்த்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தில்லியில் படிப்பவன் நெஞ்சில் எந்த அச்சம் முன்பே குடியிருக்கின்றதோ, அதைத் தேடிப் பிடித்து அதன்மேல் பொய்யை ஏற்றி வைத்தார்கள். பொய் சொல்வதிலும் தொழில் நேர்த்தி உண்டு, தோழர்களே!

பின்னர் ஏறத்தாழ ஈராண்டு அம்மடல் உறங்கிற்று. 1985ஆம் ஆண்டு அத்தோபர் இறுதியில், மாசுக்கோவின் 'இலித்தரத்தூர்னயா கசேத்தா' என்னும் இதழ் அதே கதையை எழுதியது. அதற்குச் சான்றாக எதைக் காட்டியது தெரியுமா? தில்லி இதழைத்தான்! தானே கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, 'கிணற்றுக்குள் ஓசை கேட்டது, நீங்களும் கேட்டீர்களா?' என்பது போன்றது இது. ஏனெனில் இக்கதையைக் கட்டி ஓட்டியது சோவியத்து உளவுத்துறையாகிய கே.சி.பி.யே. 1985ஆம் ஆண்டு செபுதம்பரில் அது பல்கேரிய உளவுத்துறைக்கு விடுத்த செய்தி பின்னர் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்தது. எய்ட்சு அமெரிக்கப் படைத்துறையின் கமுக்க ஆய்வு கைமீறியதால் விளைந்தது என்னும் கருத்தை வெளிநாடுகளில் பரப்புவதே தங்கள் நோக்கம் என்று அதில் மறைக்காமல் எழுதியிருக்கின்றார்கள்.

கிழக்குச் செருமனியில் யாக்கோப்பு சேகல் என்னும் ஓய்வுபெற்ற பேராசிரியர் இதற்கு அறிவியல் ஆடை உடுத்தினார். ஆட்டைத் தாக்கும் ஒரு நச்சுயிரியையும் மாந்தனைத் தாக்கும் ஒரு நச்சுயிரியையும் ஒட்டி இதனைச் செய்தார்கள் என்பது அவர் கூற்று. 1986ஆம் ஆண்டு அராரேயில் அணிசேரா நாடுகளின் மாநாடு கூடியபோது, அவருடைய ஆய்வுரை அங்கே நூற்சுவடியாகக் கைக்குக் கை மாறியது. 1987ஆம் ஆண்டுக்குள் எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இக்கதை அச்சேறியது. அன்று கைப்பேசியும் இல்லை, இணையமும் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

மக்கள் ஏன் நம்பினார்கள்? மூடர் என்பதாலா? அன்று. டெட்ரிக்குக் கோட்டையில் 1943 முதல் நோய்க்கிருமிப் படைக்கலன்கள் மெய்யாகவே ஆக்கப்பட்டு வந்தன. 1969ஆம் ஆண்டு நவம்பரில்தான் குடியரசுத் தலைவர் நிக்சன் அவ்வேலையை நிறுத்தினார். அங்குப் பணியாற்றிய பிராங்கு ஓல்சன் என்பவர்க்கு 1953ஆம் ஆண்டு சி.ஐ.ஏ. உளவுத்துறையினர் அவர் அறியாமலே மயக்கமருந்து கொடுத்தனர். சில நாள்களில் அவர் நியூயார்க்கு விடுதியொன்றின் பலகணியிலிருந்து விழுந்து மாண்டார். மருந்து கொடுத்த செய்தி அவர் குடும்பத்தார்க்கு 1975இல்தான் தெரிந்தது. படைத்துறை சாராத மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அலபாமாவில் சிபிலிசு நோயுற்ற 399 கருப்பின ஆடவர்க்கு, மருந்து இருந்தும் கொடாமல், நோயின் போக்கை மட்டும் 1932 முதல் 1972 வரை அரசு நலத்துறையே பார்த்துக்கொண்டிருந்தது! இவ்வளவும் நடந்த நாட்டில் எதைத்தான் நம்பமாட்டான் ஒருவன்?

ஆயினும் கதை பொய்யே. கின்சாசா நகரில் 1959ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குருதியில் அந்நச்சுயிரி இருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. மரபணுவை வெட்டி ஒட்டும் கலையே 1970களின் தொடக்கத்தில்தான் பிறந்தது. நடு ஆப்பிரிக்கக் காட்டு மாந்தக் குரங்கிடமிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலேயே அது மாந்தனைத் தொற்றியது என்பதே இன்று நிலைநாட்டப்பட்ட முடிவு. 1992இல் உருசிய உளவுத்துறைத் தலைவர் பிரிமாகோவே தம் துறையின் பங்கை ஒப்புக்கொண்டார். அதற்குள் நஞ்சு ஊறிவிட்டது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய கதைகளை நம்பிய கருப்பின ஆடவர் ஆணுறை அணிவதில் பின்தங்கியிருந்தமையைக் காட்டிற்று. அரசு ஏய்த்தவரையே புரளியும் ஏய்த்தது.

இனி மற்றொருவரைப் பாருங்கள். கிறித்தோபர் பைல் என்பவர் அமெரிக்கப் படை உளவுப் பள்ளியில் பாடம் நடத்திய அலுவலர். படை உளவாளிகள் தம் குடிமக்களையே வேவு பார்ப்பதை அவர் அறிந்தார். பணியினின்று விலகி, 1970ஆம் ஆண்டு சனவரியில் 'வாசிங்டன் மன்த்லி' இதழில் தம் பெயரிட்டு எழுதினார். மாற்றுடை உளவாளிகள் ஏறத்தாழ ஆயிரவர், அலுவலகங்கள் ஏறத்தாழ முந்நூறு, செய்திகள் சென்று குவியும் இடம் ஓலபேர்டுக் கோட்டை என்று எண்ணும் இடமும் கொடுத்தார். போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தவனும் உரிமைக் கூட்டத்தில் பேசியவனும் அங்கே கணிப்பொறியில் ஏறியிருந்தனர். பின்னர் முன்னாள் உளவாளிகள் நூற்றுவர்க்கு மேற்பட்டோரை அவர் தேடிப் பேசவைத்தார். மேலவை உறுப்பினர் சாம் எர்வின் 1971இல் திறந்த உசாவல் நடத்தினார். படைத்துறை அப்பதிவுகளை அழிக்க ஆணையிட நேர்ந்தது.

வழக்கும் நடந்தது. 1972ஆம் ஆண்டு உச்ச முறைமன்றம், வேவு பார்க்கப்படுவதால் அச்சம் உண்டாகின்றது என்பது மட்டும் வழக்குத் தொடுக்கப் போதாது என்று தள்ளிவிட்டது. ஐவர் அப்பக்கம், நால்வர் இப்பக்கம். பைல் கொணர்ந்த சான்று ஒன்றேனும் பொய்யென்று அத்தீர்ப்பு சொல்லவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சீன அயலுறவுத் துறைப் பேச்சாளர் ஒருவர், கொரோனாவை ஊகானுக்குக் கொண்டுவந்தது அமெரிக்கப் படையாக இருக்கலாம் என்றார், சான்று காட்டவில்லை. அடுத்து அங்கே எழுந்த கூக்குரலில் எந்த இடத்தின் பெயர் வந்தது தெரியுமா? அதே டெட்ரிக்குக் கோட்டை! முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் அச்சான அதே பெயர்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தது. வினவ விரும்புவோர் வினவலாம்.