முத்திரையும் முகமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிப் பேசிவரும் வட்டம் இது. உடன்பட்டுப் பேசிய நாள்களைவிட மாறுபட்டுப் பேசிய நாள்களே மிகுதி என்று சொன்னால் செயலாளர் என்மீது வருந்தமாட்டார் என நம்புகிறேன். இவ்விழாவில் காப்பியச் சுவை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அவர்களிடம் இசைவு பெற்று வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். நண்பர்களாகிய நாம் ஒருவர்மீது ஒருவர் குத்திக்கொள்ளும் அரசியல் முத்திரைகளைப் பற்றியது அது.

முத்திரையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பொதுவுடைமையாளர், திராவிட இயக்கத்தார், தேசியவாதி என்னும் பெயர்களைப் பலர் தாமே விரும்பிச் சூடியிருக்கிறார்கள். அவற்றுக்காகச் சிறையும் சென்றிருக்கிறார்கள். ஆனால் அப்பெயர் கதவிலக்கம் போன்றது. வீட்டைக் கண்டுபிடிக்க உதவும். கதவிலக்கத்தைப் படித்துவிட்டுத் திரும்பியவர், வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லக்கூடாது அல்லவா?

இராஜாஜியும் பெரியாரும் நண்பர்களாக இருந்ததை அனைவரும் அறிவோம். ஒருவர் சேலம் நகராட்சிக்கும் மற்றவர் ஈரோடு நகராட்சிக்கும் தலைவர்களாயிருந்த காலத்திலேயே தொடங்கிய நட்பு அது. காங்கிரஸில் தோளோடு தோள் நின்றார்கள். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அவரைச் சிறைக்கு அனுப்பியது இராஜாஜியின் ஆட்சி. ஒருவருக்கு மற்றவர் 'ஆச்சாரியார்'. அவருக்கு இவர் 'நாயக்கர்'. அழைத்துக்கொண்ட பெயர்களிலேயே எவ்வளவு பெரிய பிளவு அடங்கியிருக்கிறது, பாருங்கள்.

ஆயினும் 1949ஆம் ஆண்டு மே மாதம், நாட்டின் தலைமை ஆளுநராக இருந்த இராஜாஜியைத் திருவண்ணாமலையில் தனியே சந்தித்துப் பெரியார் உரையாடினார். என்ன பேசினார்கள் என்பதை இருவரும் அப்போது வெளியிடவில்லை. அடுத்த சில வாரங்களில் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது, அதற்கு வழிகாட்டியவர் இராஜாஜியே என்று ஊர் பேசிற்று. அவர் எழுதிய கடிதமோ அம்மணம் வேண்டாம் என்றே அறிவுரை கூறியது. அந்தச் செய்தி பின்னாளில்தான் வெளிவந்தது. நண்பர் தம்மிடம் நம்பிச் சொன்னதைக் காப்பதற்காக, தாம் செய்யாத ஒன்றின் பழியையும் அவர் வாய் திறவாமல் சுமந்தார் என்றே நான் கருதுகிறேன்.

இந்நட்பு அவர்தம் கொள்கைப் பகையைக் கரைத்துவிட்டது என்று உருக்கமாகப் பேசுவோர் உண்டு. அது தவறு. நான்கே ஆண்டுகளில், 1953இல், இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறி மிகக் கடுமையாக எதிர்த்தவர் அதே பெரியார்தான். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். தம் சொந்த வாழ்வின் சிக்கலை ஒப்படைத்த மனிதரைக் கொள்கைக் களத்தில் அவர் சிறிதும் விட்டுக்கொடுத்து நடத்தவில்லை. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, 93 வயது நிறைந்த பெரியார் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். அடுத்த ஆண்டு அதே டிசம்பரில் அவரும் மறைந்தார்.

நாவலர் சோமசுந்தர பாரதியாரையும் எண்ணிப் பார்க்கிறேன். இந்தி எதிர்ப்பில் முன்னணியில் நின்றவர். அவரே 1943இல் சேலத்து மேடையில், கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்று வாதிட்ட அண்ணாவுக்கு எதிராகக் கம்பன் பக்கம் நின்றார். எந்த முத்திரைக்குள் அவரை முழுமையாக அடைப்பீர்கள்?

பெரியோர் கதைகளைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் என் கதை ஒன்று இருக்கிறது; அதைச் சொல்லவே இத்தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

நம் வட்டத்தின் நான்காம் ஆண்டில், கம்பனில் குகன் பற்றி நான் பேசினேன். இராமன் அவ்வேடனைத் தன் உடன்பிறந்தாருள் ஒருவனாகக் கொண்ட அருமையை விரித்துரைத்து அமர்ந்தேன். அப்போது நண்பர் ஒருவர் எழுந்தார். "தம்பி என்று சொல்லியாயிற்று, அதன் பிறகு குகனுடைய நிலை என்ன ஆயிற்று? காப்பியம் அவனைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "உங்கள் கட்சிக்காரர் வேறு எப்படிக் கேட்பார்?" என்றேன். அவை சிரித்தது. நண்பர் சிரிக்காமல் அமர்ந்தார். அடுத்த திங்கள் அவர் வரவில்லை. பின்னர் ஆறாண்டுகள் வரவில்லை. நான் வெற்றி பெற்றதாகவே நெடுநாள் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு விடை கொடுத்த படலத்தை மீண்டும் படித்தேன். முடிசூட்டு விழா முடிந்தபின் சுக்கிரீவனுக்கும் வீடணனுக்கும் விடை கொடுப்பதுபோலவே குகனுக்கும் பரிசுகள் தந்து இராமன் விடை கொடுக்கிறான். உடன்பிறந்த தம்பியர் அயோத்தியில் இருக்கிறார்கள். உடன்பிறந்தாராக ஏற்கப்பட்டவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்புகிறார்கள். நண்பரின் கேள்வி கட்சியிலிருந்து வந்ததா, அன்றி நூலிலிருந்தே வந்ததா? நூலை முப்பது ஆண்டுகள் பயின்ற எனக்கு எழாத கேள்வி அவருக்கு எழுந்திருக்கிறது. அவருடைய இயக்கம் அவருக்குத் தந்த கண்ணாலேயே அவர் அதைக் கண்டிருக்கலாம், அதனால் என்ன? என் கண் கண்டதா?

கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது. விழாவுக்கு வருவதாகவும், ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருந்தார். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அடுத்த திங்கள் கூட்டத்தில் குகனைப் பற்றி அவர் பேச இசைந்துள்ளார். சுக்கிரீவனும் வீடணனும் தம் நாட்டை ஆளவே திரும்பினார்கள், குகனும் சிருங்கிபேரத்தின் தலைவனல்லவா என்று நான் மறுப்பதாக இருக்கிறேன். குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன். அவரும் எடுத்திருப்பார். அனைவரும் தவறாமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.