கைவிலங்கு கழன்றது, கறை கழன்றதா?



நாம் கூடியுள்ள இந்தக் கயத்தாற்றில்தான், 1799 அக்டோபர் 16ஆம் நாள், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அன்றே விசாரணை; அன்றே தீர்ப்பு; அன்றே தூக்கு! அன்று பெயருக்கேனும் ஒரு விசாரணை நடந்தது. இன்றோ, விசாரணையில் குற்றமற்றவர் என்றான பின்னும் தண்டனை தொடர்கிறது!

செவிலியர் பட்டம் பெற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கிளர்ச்சியிலே நின்றாள்; கைதானாள்; வழக்கு நிலைக்கவில்லை; விடுதலையானாள். நோயாளியின் கண்ணீர் துடைக்க வேலை கேட்டால், படிவம் கேட்கிறது: 'எப்போதேனும் கைதானதுண்டா?' ஆம் என்றால் ஐயம். இல்லை என்றால் பொய்! மறைத்தால் வேலை பறிபோகலாம்; உண்மை உரைத்தாலும், ஏற்பதா மறுப்பதா என ஆராயும் உரிமை வேலை தருவோர்க்கு உண்டு. இது, 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கு வழியே இல்லையா? உண்டு. 2018 மே 22இல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் கிளர்ச்சியின் வழக்குகள் பலவற்றை, அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பின், 2021 மே திங்களில் தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. வழக்குக்கு உள்ளானோரின் படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று வழங்கவும் ஆணையிட்டது.

ஒரு கிளர்ச்சியாளர்க்குக் கிட்டிய அந்த நீதி, குற்றம் மெய்ப்பிக்கப்படாத எல்லோர்க்கும் சட்டமாக வேண்டாமா? அதைக் கேட்போம்! அதுவரை, உங்கள் ஊரில் இப்படியொரு பெண் இருப்பின், மறைக்கச் சொல்லாதீர். விடுதலைத் தீர்ப்பின் நகலைப் பெற்றுத் தாரீர். அவளுக்குத் துணை நிற்பீர்!