5.46 மணியும் ஒரு தூணும்



நம்ம ஹாஸ்டலில் தண்ணீர் வராத நாளில் பக்கெட்டோடு கியூவில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளுக்கு என்ன சத்தம் போட்டோம்! ஜப்பானில் கோபே நகரத்தில், சில பகுதிகளில் அந்த கியூ ஏறக்குறைய மூன்று மாதம் நின்றது.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. சில விநாடி ஆட்டம்தான். இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் இடிந்த வீடுகளுக்குள் சிக்கியவர்கள். கனத்த ஓடு சுமந்த பழைய மர வீடுகள்தான் அதிகம் விழுந்தன.

மின்சாரம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. தண்ணீரும் கேஸும் எல்லோருக்கும் திரும்ப ஏப்ரல் ஆயிற்று. ஏன்? கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் உடைந்த குழாயைத் தெருத்தெருவாகத் தேட வேண்டும். அதுவரை லாரித் தண்ணீரைச் சுமந்து மாடி ஏறினார்கள். குளியல் அபூர்வமாயிற்று.

ஆனால் 1981-ல் கடுமையாக்கிய விதிப்படி கட்டியவை பெரும்பாலும் தாங்கின.

போன வருடம் ஒருவர், "கார் நிறுத்த இடிக்குது, கீழே அந்த ஒரு தூணை எடுத்துடலாமா சார்?" என்றார். முடியாது என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். வேலை போனதில் வருத்தமில்லை. அந்தத் தெரு வழியே போகும்போதெல்லாம், தூண் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த 5.46-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.