படியெடுப்பின் வேகமும் பருத்திச் செடியும்

புரதங்களுக்கான மரபணுக்களைப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் படியெடுப்பு வேலையைச் செல்லில் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்னும் நொதி. விலங்குச் செல்களில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 முதல் 4,000 எழுத்துகள் வரை படிக்கிறது. ஒரே மரபணுவுக்குள்ளும் ஓரிடத்தில் விரையும், ஓரிடத்தில் தயங்கும். செடிகளிலும் இந்த நொதியின் வேகம் பூப்பையும் நோயெதிர்ப்பையும் வெப்பம் தாங்கும் திறனையும் தொடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இராஜபாளையத்து நூற்பாலைகளும் உள்ள வட்டாரத்தில் கூடும் இம்மாநாட்டுக்கு அது அயலான பொருள் அன்று.

நகல் வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, வேண்டியவை ஒட்டப்படுகின்றன. நொதி விரைந்தால் வெட்டுமிடத்தைத் தேர ஒரு கால அளவு, தயங்கினால் வேறொன்று. ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியில் ஒளி பட்டால் படியெடுப்பு விரைகிறது, இருளில் தளர்கிறது, வெட்டி ஒட்டும் முறையும் அதற்கேற்ப மாறுகிறது. புவனோஸ் ஐரிஸ் ஆய்வாளர்கள் 2019இல் இதைக் காட்டினர். பூப்பைத் தடுக்கும் எஃப்.எல்.சி. மரபணுவிலும் படியெடுப்பின் தொடக்கமும் ஓட்டமும் ஒன்றாகவே கூடிக் குறைகின்றன.

வேகம் கூடினால் நன்மை என்று எண்ணுவது தவறு. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இந்நொதியின் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றி வேகம் கூட்டியபோது, அது மரபணுவின் முடிவைத் தாண்டியும் படித்துச் சென்றது. நோயெதிர்ப்பு தேவையின்றி மூண்டு செடியின் நலம் கெட்டது. 2020இல் வெளியான அம்முடிவு, அளவான வேகமே செடிக்கு உகந்தது என்பதற்கு வலுவான சான்று.

இப்பகுதி உழவருக்கு மிக நெருக்கமானது வெப்பத்தின் செய்தி. நொதி தடுக்கி நின்றால், டி.எஃப்.2.எஸ். என்னும் புரதம் நகலின் நுனியைக் கத்தரிக்கும்படி அதைத் தூண்டி மீண்டும் ஓடவைக்கிறது. இப்புரதம் இல்லாத அரபிடாப்சிஸ் இதமான தட்பவெப்பத்தில் ஏறக்குறைய இயல்பாகவே வளர்கிறது. ஆனால் அதன் விதையின் உறக்கம் குறைகிறது, கடும் வெப்பத்தில் செடி பட்டுப்போகிறது. இதமான கண்ணாடிக்கூடத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணுக்கு இக்குறை படாமலே போகும்.

மாசியில் விதைத்த கோடை இறவைப் பருத்தி சப்பை (மொட்டு) பிடித்துப் பூக்கும் காலம் சித்திரை, வைகாசி வெயில். பூ மலரும் நாளிலேயே விதைத்தோலின் தனித்தனிச் செல்கள் இழையாக நீளத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒவ்வொன்றும் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை வளரும். ஒற்றைச் செல் இவ்வளவு நீள்வதற்கு எத்தனையோ மரபணுக்கள் ஓயாமல் படியெடுக்கப்பட வேண்டும். அந்த நாள்களில் நொதி எங்கே தடுக்குகிறது, எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பது இழையின் தரத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டிய கேள்வி.

ஆர்.என்.ஏ.யின் மொத்த அளவைக் காட்டும் வழக்கமான சோதனை இதற்குப் போதாது. அது எவ்வளவு என்று சொல்லும், எவ்வளவு விரைவாக என்று சொல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகங்களின் சப்பையையும் பூப்புநாள் சூலையும் விடியலிலும் உச்சிவெயிலிலும் பறித்து, வயலிலேயே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அப்போதுதான் உருவாகும் நகல்களை அளக்க வேண்டும். பயிர்ப் பெருக்க அறிஞர்களும் மூலக்கூறு உயிரியலாளர்களும் வரும் கோடைப் பட்டத்திலேயே இப்பணியைச் சேர்ந்து தொடங்க வேண்டும்.